நாய் வராத மலை

தொப்பூர் என்று சொன்னால் வெளியூர் நண்பர்களுக்கு ஞாபகம் வருவது கணவாயும், அங்கே கவிழ்ந்து கிடக்கும் லாரிகளும்தான். பெங்களூரிலிருந்து சேலத்துக்குப் பஸ்ஸில் வருகிறவர்கள் அந்த இறக்கத்தில் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த ரோட்டுக்கு இரண்டு பக்கமும் மலை இருக்கிறது, மலையில் ஒற்றையடிப் பாதை இருக்கிறது, அதில் ஆடு ஓட்டிக்கொண்டு போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதெல்லாம் பஸ் ஜன்னலிலிருந்து தெரியாது. என் தாத்தா அப்படிப் போனவர். அவருக்கு முன்னால் மணி போகும். மணி எங்கள் வீட்டு நாய்.

சின்ன வயதில் லீவு விட்டால் நானும் பின்னாலேயே போவேன். தாத்தாவுக்கு ஒரே ஒரு சட்டம்தான். "நாய் இல்லாம மலை ஏறாத." மணி நின்றால் நாங்களும் நிற்போம். அது காதை விறைத்துக்கொண்டு ஒரு புதரைப் பார்த்தால் தாத்தா கம்பைத் தரையில் தட்டுவார். பாம்போ பன்றியோ, ஏதோ ஒன்று சரசரவென்று விலகிப் போகும். மழைக்குப் பிறகு புல் முளைப்பது போல, மலை என்றால் மனிதனுக்கு முன்னால் நாய் போவது இயற்கை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் படிப்பது பி.காம். வரலாறு என் பாடம் இல்லை. ஆனால் போன செமஸ்டர் லீவில் லைப்ரரியில் எதையோ தேடப்போய் எதையோ படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டது. 1858ஆம் ஆண்டு வரை அந்தமான் பழங்குடிகளிடம் நாயே இல்லை என்றது அந்த வரி. இரண்டு தடவை படித்தேன். முழுக்க முழுக்கக் காடும் மலையும் உள்ள தீவு. வேட்டையாடி வாழ்கிற மக்கள். அவர்களிடம் நாய் இல்லையா? அப்படியென்றால் மலையில் நாயோடு நடப்பது இயற்கை இல்லை. அது எங்கோ, எப்போதோ ஆரம்பித்த ஒரு பழக்கம். அதற்கு ஒரு தேதி உண்டு. நம் பக்கத்தில் அந்தத் தேதி தொலைந்துபோய்விட்டது. அந்தமானில் மட்டும் அது தெளிவாக எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நம் பக்கத்துக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய தருமபுரி மாவட்டமும் அதற்குக் கிழக்கே இருக்கும் செங்கம் பகுதியும் நடுகற்களுக்குப் பேர் போனவை. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்தவன், ஊரைக் காத்துச் செத்தவன், புலியோடு போராடிச் செத்தவன் என்று ஒவ்வொருவனுக்கும் ஒரு கல். தருமபுரி அருங்காட்சியகத்துக்குப் போனால் வரிசையாகப் பார்க்கலாம். எங்கள் பக்கத்தில் சில கற்கள் இன்னும் வயல் வரப்பில் நிற்கின்றன. அவற்றை வேடியப்பன் என்று கும்பிடுகிறவர்களும் உண்டு.

இந்தக் கற்களில் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணை இருக்கும் தண்டராம்பட்டு வட்டாரத்தில், எடுத்தனூர் என்ற ஊரில் இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டில் நட்ட கல். அதாவது கி.பி. 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் கவர வந்தவர்களோடு மோதிக் கருந்தேவக்கத்தி என்ற வீரன் செத்துப்போகிறான். கல்லில் அவன் வில்லோடு நிற்கிறான். அவனுக்குப் பின்னால் ஒரு நாய் நிற்கிறது. வெறும் அலங்காரத்துக்குச் செதுக்கிய நாய் இல்லை. கோவிவன் என்ற அந்த நாய் கள்ளரைக் கடித்துக் காவல் காத்து நின்றது என்று வட்டெழுத்தில் தனியாக எழுதியே வைத்திருக்கிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் இந்த மலையடிவாரத்தில் வாழ்ந்த ஆயிரக்கணக்கான மனிதர்களின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு நாயின் பெயர் தெரிகிறது!

கர்நாடகத்தில் இன்னொன்று உண்டு. மண்டியா மாவட்டத்தில் ஆதகூர் என்ற ஊரில் கிடைத்த கல்வெட்டு. தக்கோலம் போரை நாம் பள்ளியில் படித்திருப்போம். 949இல் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் படைக்கும் சோழர் படைக்கும் நடந்த போர். யானை மேலிருந்த சோழ இளவரசன் ராஜாதித்தன் அதில் கொல்லப்பட்டான். ராஷ்டிரகூடர் பக்கம் நின்று போரிட்ட கங்க மன்னன் இரண்டாம் பூதுகன், தன் வீரன் மணலேரன் என்பவனிடம் "என்ன வேண்டும், கேள்" என்கிறான். அவன் பொன்னோ நிலமோ கேட்கவில்லை. மன்னனின் காளி என்ற வேட்டை நாயைக் கேட்டு வாங்கிக்கொண்டான். பிறகு ஒரு மலையில் பெரிய காட்டுப்பன்றியின் மேல் அந்த நாயை ஏவினார்கள். நாயும் பன்றியும் ஒன்றை ஒன்று கொன்று விழுந்தன. நாய்க்குக் கோயில் முன்னால் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். சோழ வரலாற்றில் அவ்வளவு பெரிய தோல்வியைச் சொல்லும் கல்வெட்டு, அடிப்படையில் ஒரு நாயின் நினைவுக் கல் என்பது எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது.

இந்த இரண்டு கற்களும் ஒரு விஷயத்தைச் சொல்கின்றன. 7ஆம் நூற்றாண்டிலும் 10ஆம் நூற்றாண்டிலும் இந்தப் பக்கத்து மலைகளில் நாயும் மனிதனும் புதுப் பழக்கம் இல்லை. ரொம்பப் பழைய கூட்டாளிகள். எவ்வளவு பழைய கூட்டு? உலக அளவில் பார்த்தால், ஜெர்மனியில் பான் நகருக்குப் பக்கத்தில் 1914இல் கல் உடைப்பவர்கள் ஒரு புதைகுழியைக் கண்டார்கள். ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஒரு நாய். சுமார் 14,000 வருஷப் பழசு. அந்த நாய் குட்டியாக இருந்தபோது கடுமையான நோயில் விழுந்திருக்கிறது என்றும், யாரோ பல வாரம் பக்கத்தில் இருந்து கவனிக்காவிட்டால் பிழைத்திருக்காது என்றும் அதன் பல்லை வைத்து ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். விவசாயம் தொடங்கும் முன்பே, மாடு, ஆடு, கோழி எதையும் பழக்கும் முன்பே, மனிதன் நாயோடு கூட்டுச் சேர்ந்துவிட்டான்.

பி.காம். பாஷையில் சொன்னால் உலகத்தின் முதல் பார்ட்னர்ஷிப் ஒப்பந்தம் இதுதான். மனிதன் போடும் முதல் மிச்சச் சோறும் நெருப்பின் சூடும். நாய் போடும் முதல் மூக்கும் காதும். லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. பத்திரம் கிடையாது, கையெழுத்தும் கிடையாது. ஆனாலும் ஒப்பந்தம் 14,000 வருஷத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது. :)

இனி தீவுக்குப் போவோம்.

சென்னையிலிருந்து கடல் வழியாகக் கிட்டத்தட்ட 1,200 கிலோமீட்டர். வங்கக் கடலுக்கு நடுவில் வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் தீவு வரிசை. கடலுக்குள் மூழ்கிய ஒரு மலைத்தொடரின் உச்சிகள்தான் வெளியே தீவுகளாகத் தெரிகின்றன. வட அந்தமானில் இருக்கும் சேடில் பீக் 732 மீட்டர் உயரம். அதுதான் அங்கே உயரமான மலை. அடிவாரத்திலிருந்து உச்சி வரை காடு. வருஷத்தில் பாதிக்கு மேல் மழை.

பக்கத்து நிக்கோபார் தீவுகள் கப்பல் பாதையில் இருந்ததால் வெளி உலகத்தோடு பழக்கம் இருந்தது. ராஜேந்திர சோழனின் கடல் படையெடுப்பைச் சொல்லும் தஞ்சைக் கல்வெட்டிலேயே மாநக்கவாரம் என்று அதன் பெயர் வருகிறது. தேங்காய் வாங்கக் கப்பல்கள் அங்கே நின்று போயின. நிக்கோபார் மக்களிடம் நாய், பன்றி, கோழி எல்லாம் இருந்தன. அந்தமான் அப்படி இல்லை. கரை ஒதுங்கியவர்கள் மேல் அம்பு பாயும் என்று மாலுமிகள் பயந்து விலகியே போனார்கள். அந்தப் பயம்தான் அந்த மக்களுக்குப் பல நூற்றாண்டுகள் வேலியாக இருந்தது. ஆள் வரவில்லை. ஆளோடு வரும் நாயும் வரவில்லை.

நாய் இல்லாமல் எப்படி வேட்டையாடினார்கள்? அந்தமான் காட்டில் புலி, சிறுத்தை, நரி எதுவும் கிடையாது. இருக்கிற பெரிய விலங்கு காட்டுப்பன்றிதான். பன்றிக்கென்றே அவர்கள் தனியாக ஓர் அம்பு வைத்திருந்தார்கள். அதன் முனை குத்தியதும் தண்டிலிருந்து கழன்றுவிடும். ஆனால் முனையையும் தண்டையும் ஒரு கயிறு இணைத்திருக்கும். அடிபட்ட பன்றி ஓடும்போது தண்டு பின்னால் இழுபட்டுப் புதரில் சிக்கிக்கொள்ளும். பன்றி நின்றுவிடும். மோப்பம் பிடித்துத் துரத்திப்போய் மடக்க நாய் இல்லாத இடத்தில், மடக்குகிற வேலையை அம்பே செய்தது. என்ன மூளை பாருங்கள்! பன்றி வேட்டை பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் நடந்தது. அப்போதுதான் பன்றி கொழுத்திருக்கும். ஈரச் சருகும் காலடியில் சத்தம் போடாது. மற்ற மாதங்களில் மீன், ஆமை, தேன், கிழங்கு.

ஆக, நாய் இல்லாததால் அவர்கள் குறைந்துபோய்விடவில்லை. காதையும் கண்ணையும் அவர்களே தீட்டி வைத்துக்கொண்டார்கள்.

பிரிட்டிஷார் 1789இல் அங்கே ஒரு குடியேற்றம் போட்டுப் பார்த்தார்கள். அளவெடுத்தவர் ஆர்ச்சிபால்ட் பிளேர். காய்ச்சலில் ஆட்கள் விழுந்ததால் 1796இல் மூடிவிட்டார்கள். மறுபடி வந்தது 1857 கலகத்துக்குப் பிறகு. பிடிபட்ட கைதிகளை அடைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. 1858 மார்ச் 10ஆம் தேதி, டாக்டர் ஜே. பி. வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கினார். போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) அப்படித்தான் உருவானது. குடியேற்றக்காரர்களோடு நாய்களும் வந்தன.

ஆரம்பத்தில் சண்டைதான். காட்டை வெட்டினால் சும்மா இருப்பார்களா? 1859 மே மாதம் அந்தமானியர் குடியேற்றத்தின் மேல் பெரிய தாக்குதல் நடத்தினார்கள். அபர்தீன் போர் என்று அதற்குப் பெயர். தப்பியோடி அவர்களோடு ஒரு வருஷம் போல வாழ்ந்த தூத்நாத் திவாரி என்ற கைதி முன்கூட்டியே வந்து சொல்லிவிட்டதால் வில் அம்பு துப்பாக்கியிடம் தோற்றது. அதற்குப் பிறகு பிரிட்டிஷார் வழியை மாற்றினார்கள். 1863இல் "அந்தமான் இல்லம்" என்று ஒன்றைத் தொடங்கி, சோறு, புகையிலை, துணி கொடுத்து அவர்களைப் பழக்கினார்கள். தப்பிப் போகும் கைதிகளைக் காட்டில் தேடிப் பிடிக்கவும் அவர்களையே பயன்படுத்தினார்கள்.

வெள்ளைக்காரன் கொடுத்ததில் அந்தமானியர் பலதைச் சந்தேகமாகப் பார்த்தார்கள். நாயை அப்படிப் பார்க்கவில்லை. அதிகாரியாக இருந்து அவர்களைப் பற்றி விரிவாக எழுதிய ஈ. எச். மேன் காலத்திலும், 1906 முதல் 1908 வரை அங்கே ஆய்வு செய்த ராட்கிளிஃப்-பிரவுன் காலத்திலும் நாய் அவர்கள் வேட்டையின் பாகமாகிவிட்டிருந்தது. 14,000 வருஷமாக மற்றவர்கள் பழகியதை அவர்கள் ஒரு தலைமுறையில் பழகிவிட்டார்கள். நாய் முன்னால் ஓடிப் பன்றியை மடக்கும், ஆள் பின்னால் போய் அம்பு விடுவான். என் தாத்தாவுக்கு மணி எப்படியோ அப்படி.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை.

நாய் வந்த வழியில்தான் நோயும் வந்தது. தமிழில் இரண்டுக்கும் ஒரு கொம்புதான் வித்தியாசம், அந்தமானில் அதுவும் இல்லாமல் போய்விட்டது. வெளியாள் யாரும் வராத தீவில் வெளி நோய்க்கு உடம்பில் எதிர்ப்பும் கிடையாது. 1870களில் மேகநோய் பரவியது. 1877இல் தட்டம்மை வந்து ஊர் ஊராகத் துடைத்துப் போட்டது. அந்தமான் இல்லத்தில் சோறு தின்னக் கூடியவர்கள் நோயையும் எடுத்துக்கொண்டு காட்டுக்குத் திரும்பினார்கள். பத்து குழுக்களாகச் சில ஆயிரம் பேர் இருந்த கிரேட் அந்தமானியர், 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961இல் 19 பேர்.

பத்தொன்பது. எங்கள் கிளாஸில் ஒரு பெஞ்சு வரிசை.

நாய் நல்ல வேட்டைத் துணைதான். ஆனால் வேட்டைக்குப் போக ஆள் வேண்டுமே.

இதே சமயத்தில் லண்டனில் என்ன நடந்தது என்றும் பார்க்க வேண்டும். 1890இல் ஆர்தர் கோனன் டாயில் தன் இரண்டாவது ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலை வெளியிட்டார். அதில் டோங்கா என்று ஓர் அந்தமான்காரன் வருகிறான். குழாயில் விஷ முள் ஊதிக் கொல்கிறவனாக, பார்க்கவே பயங்கரமானவனாக எழுதியிருப்பார். அந்தமானியர் ஊதுகுழலும் பயன்படுத்தியதில்லை, விஷ முள்ளும் பயன்படுத்தியதில்லை. அது போகட்டும். கதையில் அவன் கால் தெரியாமல் ஒரு தார் எண்ணெயில் பட்டுவிடும். அந்த வாசனையை மோப்பம் பிடித்து லண்டன் தெருக்களில் அவனைத் தேடிப்போவது எது தெரியுமா? டோபி என்ற நாய். நிஜத் தீவில் அந்த மக்கள் நாயோடு காட்டில் நடந்துகொண்டிருந்த வருஷங்களில், கதையில் நாயை அவர்கள் மேலேயே ஏவிவிட்டார்கள். ஸ்கூல் படிக்கும்போது அந்தக் கதையை விழுந்து விழுந்து ரசித்தவன் நான். இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

இது அந்தமானில் மட்டும் நடந்ததில்லை. ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கே டாஸ்மேனியா என்ற தீவு இருக்கிறது. அதுவும் மலைத் தீவு. சுமார் 12,000 வருஷத்துக்கு முன்னால் கடல் மட்டம் ஏறி ஆஸ்திரேலியாவிலிருந்து துண்டாகிவிட்டது. டிங்கோ என்ற நாய் ஆஸ்திரேலியாவுக்கு வந்ததே அதற்குப் பல ஆயிரம் வருஷம் கழித்துத்தான். அதனால் டாஸ்மேனியாவுக்கு அது போகவே இல்லை. 1803இல் பிரிட்டிஷார் நாயோடு வந்து இறங்கினார்கள். அங்கிருந்த பழங்குடிகளும் கொஞ்ச வருஷத்துக்குள் நாயை வாங்கி, வளர்த்து, கங்காரு வேட்டைக்குக் கூட்டிப்போனார்கள். 1820களிலும் 30களின் தொடக்கத்திலும் நிலத்துக்காக நடந்த போரிலும் நோயிலும் அவர்களில் பெரும்பாலோர் அழிந்தார்கள். அவர்கள் வம்சம் அடியோடு ஒழிந்துவிட்டது என்று ரொம்ப நாள் பாடப் புத்தகங்களில் எழுதினார்கள். அது தப்பு. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆனால் கதையின் வரிசையைக் கவனியுங்கள். முதலில் கப்பல். பிறகு நாய். பிறகு நோயும் துப்பாக்கியும். இரண்டு தீவிலும் ஒரே வரிசை.

இதைப் படித்த பிறகு எனக்குள் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியானால் நாய் வந்தது தப்பா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். கணக்கு எழுதும்போது ஒரே தேதியில் நடந்தது என்பதற்காக இரண்டு கணக்கை ஒரே தலைப்பில் எழுதக்கூடாது என்று முதல் வருஷத்திலேயே சொல்லித்தருவார்கள். நாயோடு அந்த மக்கள் போட்ட கணக்கு நேர்மையான கணக்கு. இரண்டு பக்கமும் கொடுத்தது, இரண்டு பக்கமும் வாங்கியது. கப்பலோடு அவர்களுக்கு இருந்த கணக்கு வேறு. அங்கே ஒரு பக்கம் எழுதியது எல்லாம் வரவு, இன்னொரு பக்கத்துக்கு எல்லாம் பற்று. புகையிலையும் துணியும் கொடுத்ததைப் பரிசு என்று எழுதினார்கள். எடுத்துக்கொண்ட காட்டை எந்த ஏட்டிலும் எழுதவில்லை.

எடுத்தனூர் கல்லைத் திரும்பப் பார்த்தால் எனக்கு இப்போது வேறு ஒன்றும் தெரிகிறது. கோவிவன் பெயர் நிலைத்ததற்குக் காரணம் அது வீர நாய் என்பது மட்டும் இல்லை. சண்டைக்குப் பிறகும் ஊர் இருந்தது. கல் தேட, எழுத்து வெட்ட, நட்டுப் படையல் போட ஆட்கள் மிச்சம் இருந்தார்கள். அந்தமானில் நாயோடு பன்றி வேட்டைக்குப் போன முதல் ஆளுக்கும் அந்த நாய்க்கும் அப்படி ஒரு கல் இல்லை. கிரேட் அந்தமானிய மொழிகளில் ஒன்றான அகா-போவைப் பேசிய கடைசி மனுஷி போவா 2010 ஜனவரி 26 அன்று, கிட்டத்தட்ட 85 வயதில் இறந்தார். நாம் குடியரசு தினக் கொடி ஏற்றிக்கொண்டிருந்த நாள். அந்த மொழியில் மலைக்கு என்ன பேர், மழைக்கு என்ன பேர், நாயை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று இனி வீட்டில் பேசிக்கொள்ள ஒருவரும் இல்லை. கிரேட் அந்தமானியர் சுமார் ஐம்பது பேர்தான் இன்று மிச்சம்.

மணியைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் சரியாக இருக்காது. மலையில் பாம்பு, பன்றி எல்லாம் பார்த்த மணி, இரண்டு வருஷம் முன்னால் கணவாய் ரோட்டைத் தாண்டும்போது லாரியில் அடிபட்டுச் செத்துப்போனது. மலைக்கு நாய் தெரியும், நாலு வழிச் சாலைக்குத் தெரியவில்லை. தாத்தா அதைப் புளியமரத்தடியில் புதைத்து மேலே ஒரு கல்லைத் தூக்கி வைத்தார். எழுத்தெல்லாம் ஒன்றும் இல்லை. நரி தோண்டாமல் இருக்க என்றார்.

இப்போது வீட்டில் ஒரு புதுக் குட்டி இருக்கிறது. போன வாரம் ஊருக்குப் போனபோது, இந்தக் கதையெல்லாம் தாத்தாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். தீவுக் கதை வந்தபோது மட்டும், "அத்தன பேருமா?" என்று ஒரு தடவை கேட்டார். நான் தலையாட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

குட்டிக்குக் கோவிவன் என்று பேர் வைக்கலாமா என்று கேட்டேன்.

"வாயில நுழையற மாதிரி ஒரு பேரு வைடா" என்றார்.

மணி என்றே வைத்திருக்கிறோம்.